மூன்றா, நான்கா

1

இப்போது முடிந்தது மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா? யா அல்லாஹ், எதில் நிற்கிறேன் நான்?

தொழுகையின் சுற்றுகளை எண்ணும் இந்தக் கேள்வி சஜிதாவின் மனதுக்குள் ஓடியது. (ஓடியிருக்கும் என்று எழுதுகிறேன்.) நெற்றி தொழுகை விரிப்பில் பதிந்திருந்தது. முதுகின் மேல் அவளுடைய பதினொரு மாதப் பிள்ளை ஆமிர் குப்புறக் கிடந்து, அவள் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மாவில், கியாக்டடாப் பகுதியில் ஒரு தோழியைப் பார்க்க ஐந்து மாடி ஏறிப் போய் மூச்சு வாங்க நின்றேன். பக்கத்து வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் நெற்றி தரையில் பதிய ஸஜ்தாவில் இருந்தாள், முதுகில் பிள்ளை. கீழே காய்கறிக்காரி பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை இழுத்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் எழவில்லை. பிள்ளையாக மனம் வைத்து இறங்கிய பிறகுதான் எழுந்தாள். முகம் நிறையச் சிரிப்பு, ஆனால் சத்தமே இல்லை.

அந்தச் சிரிப்பைத்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: சஜிதா அழுதாள்.

அடித்துவிட்டேன். அவள் அழவில்லையே, அழவைத்தது நான்தானே.

இரண்டாவது: தாய்மை என்பது இறைவன் பெண்ணுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

களைத்துப்போன தாயை எழுதுவது எளிது, எல்லோரும் நம்புவார்கள். மகிழ்ச்சியாக இருக்கும் தாயை எழுதினால் வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும். எனக்கே வந்தது. இவள் எதையாவது மறைக்கிறாளா என்று மூன்று நாள் கிளறிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது.

பிள்ளை பிறப்பதற்கு முன் அந்தத் தெருப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லுஹர் என்னும் நான்கு ரக்அத் நண்பகல் தொழுகையை முன்னின்று நடத்தியவள் சஜிதா. முதல் வரிசையின் நடுவில் அவள் நிற்க, பதினோரு பெண்கள் அவளைப் பின்பற்றித் தொழுவார்கள். கணவன் நசீரின் அக்கா கமருன்னிசாவின் கூடத்தில்தான் அந்தத் தொழுகை. ஆமிர் பிறந்து, தவழ்ந்து, முதுகேறப் பழகியதும் சஜிதாவுக்கு எண்ணிக்கை தவறத் தொடங்கியது.

"இனிமே நான் முன்னால நிக்கமாட்டேன் லாத்தா," என்றாள் கமருன்னிசாவிடம். "நாலு வரைக்கும் எண்ணத் தெரியல. அல்லாஹ் என்னைய வுட்டுட்டுப் போயிட்டான்போல இருக்கு."

"அவன் எங்கடி போவான்? அஞ்சு மாடி எறங்கணும்ல. நீ தூங்கி எந்திரி, எல்லாம் சரியாப் போவும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் கமருன்னிசா. சஜிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குர்ஆனை மாதம் ஒருமுறை ஓதி முடித்தவளுக்கு, இப்போது ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. பிள்ளையைப் பெற்றேன், ஈமானைத் தொலைத்தேனா? யாரிடமும் கேட்க முடியாத கேள்வியாக அது அவளுக்குள் கிடந்தது.

3

தொழுகையில் எண்ணிக்கை தவறுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றா, நான்கா என்று ஐயம் வந்தால் மூன்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று தொழ வேண்டும். கடைசியில் மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்ய வேண்டும். சஜிதா மாதக்கணக்கில் இதைத்தான் செய்துவந்தாள், தண்டனையைப் போல.

ஒரு நண்பகல். மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. தனகா மரச்சாந்து பூசிய கன்னத்தை அவள் பிடரியில் தேய்த்தபடி ஆமிர் எதையோ உளறினான். மறுபடியும் ஐயம். குறைந்ததை எடுத்துக்கொண்டு இன்னொரு ரக்அத் தொழுதாள், மறதிக்கான இரண்டு ஸஜ்தாவுக்காகக் குனிந்தாள். நெற்றி தரையைத் தொட்டபோதுதான் உறைத்தது. இவன் வந்த பிறகு நான் எத்தனை முறை கூடுதலாக அல்லாஹ்வின் முன் குனிந்திருக்கிறேன்! இவன் எங்கே பறித்தான்? அள்ளியல்லவா கொடுத்திருக்கிறான்!

சிரிப்பு பொங்கியது. சத்தம் வந்தால் தொழுகை முறிந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு முகம் நிறையச் சிரித்தாள்.

3

(மூன்று எழுதியாகிவிட்டதா? தின்கன்ஜூனில் உள்ள என் வீட்டில் நான் எழுதுகிற மேசைக்கடியில் என் மகள் புகுந்து, கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பர்மிய மொழியில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஐயம் வந்தால் குறைந்தது. ஆகவே இதுவும் மூன்று.)

பாங்கு ஒலிக்கும்போதே பிள்ளையும் அழும் நாட்களில், எதற்கு முதலில் ஓடுவது என்று முன்பெல்லாம் சஜிதா திண்டாடுவாள். இப்போது பிள்ளையைக் கழுவித் துணி மாற்றும்போதே அவளுக்குத் தொழுகை தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரும் அழைப்புதானே என்று நினைக்கிறாள். நான் நினைக்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் நினைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம நான் நிக்கிறேன் லாத்தா," என்றாள்.

4

முடிவுக்கு மூன்று யோசனைகள் வைத்திருந்தேன். ஒன்றில் ஆமிர் சமர்த்தாகத் தூங்கிவிடுகிறான். (பொய்.) இன்னொன்றில் சஜிதா கூட்டத்தின் நடுவே எண்ணிக்கை தவறி வெட்கப்படுகிறாள். (பழைய சஜிதா.) மூன்றாவதில் தாய்மையைப் பற்றி அவள் ஓர் அழகான வாக்கியம் சொல்கிறாள். எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது இதுதான்.

ஞாயிறு வந்தது. கமருன்னிசாவின் கூடத்தில் வரிசை நின்றது. நடுவில் சஜிதா, இடுப்பில் ஆமிர்.

"புள்ளையக் கீழ் வீட்டு டோ ஏ-கிட்ட குடுத்துட்டு வா," என்றாள் கமருன்னிசா. "அந்தம்மா வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கிது. இவன் ஒம் முதுகுல ஏறிக் கப்பல் ஓட்டுவான். நீ எந்திரிக்க மாட்ட. பின்னால நாங்க பதினோரு பேரும் கவுந்தே கெடக்கணும்."

"எம் முழங்காலு இன்னைக்கே மவுத்தாயிரும்," என்றாள் ஓரத்தில் நின்ற நூர் பீவி. வரிசை குலுங்கிச் சிரித்தது.

"ஈரம் கீரம் பண்ணிவச்சா?"

"இப்பத்தான் கழுவித் துணி மாத்துனேன் லாத்தா."

"எண்ணிக்கை தப்பிருச்சுன்னா?"

சஜிதா புன்னகைத்தாள்.

"தா புள்ளைய." கமருன்னிசா இரண்டு கைகளையும் நீட்டினாள். அன்போடுதான் நீட்டினாள்.

நானும் நீட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தையாவது கொடுத்துவிடு சஜிதா, கதையை முடிக்க வேண்டும் என்றேன். ஆமிர் எப்போது ஏறுவான், எப்போது இறங்குவான், இன்றைக்கு நான்கா, ஐந்தா? அதை வாசிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐயம் வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் இப்போது தெரியும்.

அவள் குனிந்து விரிப்பின் ஓரத்தில் பிள்ளையை உட்கார வைத்தாள். அவன் கன்னத்தில் கலைந்திருந்த தனகாவைப் பெருவிரலால் சரிசெய்தாள். பிறகு கமருன்னிசாவைப் பார்த்து, என்னையும் சேர்த்துப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"வேணாம் லாத்தா. இங்கேயே இருக்கட்டும்."