குட்டிக்கு ஒரு குல்லா

பால்குடி மாறாத செம்மறிக் குட்டி தூங்கும்போது அதன் மூளைக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று அளக்க, கால்நடை மருத்துவரான அவள் பதினோரு வாரமாகத் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். கருவி குட்டியை நோகடிப்பதில்லை. பொத்தான் அளவு சென்சார் தலைமேல் வெளிச்சம் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தைத் திரையில் கோடாக வரையும், அவ்வளவுதான். ஆனால் ஒட்டிய பிளாஸ்திரியைக் குட்டி உதறிக்கொண்டே இருந்தது. தப்பித் தவறிக் கண்ணயர்ந்தாலும், சற்று நேரத்தில் கால்கள் துடிக்கும், இமைக்குள் விழி உருளும், கோடு விர்ரென்று ஏறும்.

"ஏறுறது ரத்தமில்ல டாக்டரம்மா. குட்டி துள்ளுது, கூடவே சென்சாரும் ஆடுது," என்று ஒரே போடாகப் போட்டார் ஆய்வு மைய இயக்குநர். வெள்ளிக்கிழமையோடு ஆய்வை மூடிவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவள் புலம்பியதை அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைகளுக்கு உடை தைப்பவள்.

"தலையில எதையாவது ஒட்டினா எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? குல்லா போடு. அளவெடுக்கணும், ஆளைக் காட்டு."

மறுநாள் காலை இஞ்ச் டேப்போடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். "காது இவ்வளவு நீளமா எனக்கு ஒரு கஸ்டமரும் வந்ததில்ல," என்றபடி அளந்தாள். முதல் குல்லா கண்ணை மறைத்தது. இரண்டாவதைக் குட்டி மென்றுவிட்டது. மூன்றாவது, காதுக்கு இரண்டு ஓட்டை, சென்சாருக்கு உள்பையோடு, கச்சிதமாகப் பொருந்தியது. குட்டி பால் குடித்த கையோடு சொக்கித் தூங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை முற்பகல் இயக்குநர் வந்தார். குட்டி அசையாமல் ஆழ்ந்து தூங்கியது. கோடு தாழ்ந்து ஓடியது.

"சார், நீங்களே சென்சாரை மெதுவா ஆட்டிப் பாருங்க," என்றாள்.

அவர் ஒயரை இழுத்தார். குல்லாவைத் தொட்டு அசைத்தார். கோடு இம்மியும் நகரவில்லை. கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் போயிருக்கும். கால்கள் அப்படியே கிடந்தன. இமைக்குள் விழி மட்டும் உருளத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"அட!" இயக்குநர் எழுந்தே விட்டார். "ரத்தம்தான்மா! தூக்கத்துலயே மூளை இவ்வளவு கேட்டு வாங்குதா?"

"வளர்ற மூளை சார், கேட்காம இருக்குமா?" என்றாள் அவள்.

அவர் விடவில்லை, இன்னும் மூன்று குட்டிகளில் அளந்து காட்டச் சொன்னார். ஒரே மாதத்தில் காட்டினாள். நான்கு குட்டிகள், இருபத்தாறு தூக்கங்கள். ஒவ்வொரு முறையும் விழி உருண்டதும் கோடு ஏறியது. ஆய்வை இரண்டு வருடம் நீட்டிக் கையெழுத்திட்டார் இயக்குநர்.

அவள் வராந்தாவுக்கு ஓடி வந்து போன் போட்டாள். "அண்ணி, ஜெயிச்சிட்டோம்!"

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "பின்னால குட்டி கத்துது பாரு. போய் முதல்ல பாலைக் குடு."