ஜன்னலில் வைத்த பெட்டி

"ஜன்னலைத் தொறந்து, பெட்டியை அதுமேல உக்கார வெச்சிருக்கியே, யாரை ஏமாத்த—"

"என் ரூமுக்குள்ள நீ எதுக்குக்கா—"

"—என்னையா, உன் நுரையீரலையா?"

"—வந்தே? ஆள் இல்லாதப்ப நுழைஞ்சு வேவு பாக்கறியா?"

தரைக்குக் கீழே இருந்த அந்த அறையில் காலை எட்டிப் போட்டு நடக்க இடமில்லை. அக்கா கட்டிலுக்கும் கதவுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வெளியூர் வேலையை முடித்து அப்போதுதான் வந்திருந்தான்; தோள்பையைக்கூட இறக்கவில்லை. மனைவியைப் பிரிந்து வந்த நாளிலிருந்து இந்த அறைதான் அவனுக்கு வீடு.

"நீ போனதும் ஜன்னலைச் சாத்தி, பெட்டியை உன் தலைமாட்டுல வெச்சேன். இப்ப பாரு லட்சணத்தை."

கட்டிலருகே வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மண்ணிலிருந்து தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும் ரேடான் வாயுவை அளக்கிற பெட்டி. இத்தனை நாளும் சமர்த்தாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

"வாசனை இல்ல, நிறம் இல்ல, சத்தம் இல்ல. நம்ம குடும்பத்துல இவ்வளவு அடக்கமா யாருக்கா இருந்திருக்கா?"

"பல்லைக் காட்டாதடா. வருஷக்கணக்கா சுவாசிச்சா புத்துநோய்ல கொண்டுபோய் விடும்னு அளக்க வந்தவர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"விரிசலை அடைச்சு, குழாய் எறக்கி, ஃபேன் போட்டா சரியாயிடும்னும்தான் சொன்னாரு."

"உங்க மாமா எங்க அதுக்கு மசியறார்? ரூமைப் பூட்டிப் போட்டா போச்சுங்கறார்."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. நடை நின்றது.

"தெரியும்க்கா. ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே, படியேறி மேல வரும்போது காதுல விழுந்துது. சிவப்பு எரிஞ்சா ரூமுக்குப் பூட்டு. அப்புறம் நான் எங்க போவேன்? அதான் வெளிக்காத்து படட்டும்னு ஜன்னல்ல வெச்சேன்."

"அதுக்காக உசுரையா பணயம் வெப்பே? மூளை இருக்காடா உனக்கு?"

அவன் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அக்கா போர்வையை உதறினாள், மடித்தாள், சரியில்லையென்று பிரித்து மறுபடி மடித்தாள். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கெளம்பு. மேல சின்ன ரூம்ல படு. உங்க மாமாவோட உடற்பயிற்சி சைக்கிளை ஓரங்கட்டிடலாம். அவர் எங்க மிதிக்கறார்? என் துணிதான் அதுல காயுது."

தம்பிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தி, "வாடா, சீக்கிரம்," என்றாள்.

அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"வர்றேன். மாமாகிட்ட சொல்லிட்டியாக்கா?"