முதல் அடிக்குப் பிறகு

மண்வெட்டியின் தட்டைப் பக்கம் தாடையில் விழுந்தபோது கோரின் டிண்டல் முழங்காலிட்டு ஒரு குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைன் மரங்களுக்கு இடையிலிருந்த ஈரப் புல்வெளி முழுக்க, உருளைக்கிழங்கு தோண்டி எடுத்ததுபோல, சின்னச் சின்னக் குழிகள். முந்தின வாரம் அந்த இடத்தில், இலையால் ஈயைக் கவ்வித் தின்னும் ஈப்பொறிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து நின்றன. குழிக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. தோண்டியவன் தூரம் போயிருக்க மாட்டான் என்று நினைத்து அவள் தலையைத் தூக்கினாள், அடி விழுந்தது. முதலில் வந்தது வலியல்ல, சத்தம். சொந்த எலும்பு உடைவதைத் தலைக்குள்ளிருந்தே கேட்டாள். அடுத்து விலாவில் ஒரு உதை. வாயில் மண்ணும் ரத்தமும் உடைந்த பல்லுமாகக் குப்புறக் கிடந்தாள்.

"இந்தக் களைதான் உனக்குப் புருஷனாடி? எத்தன தடவ சொன்னேன், இந்தப் பக்கம் வராதேன்னு?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். போன நவம்பரில், நன்றித் திருநாள் விருந்து மேசையில், "கோரி, அந்த சோளரொட்டிய இப்படித் தள்ளு" என்று கேட்ட குரல். அவள் தங்கை ட்ரீனாவின் கணவன் டேரல்.

எங்கள் கரோலினா கடலோரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்தச் செடி தானாக முளைப்பதில்லை. இங்கே வளர்ந்த எவருக்கும் அது பெரிய அதிசயமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது விரலை விட்டு அது மூடிக்கொள்வதைப் பார்த்திருப்போம், அப்புறம் மறந்துபோயிருப்போம். கோரின் மட்டும் மறக்கவில்லை. படித்து முடித்து, மாநிலத் தாவரப் பாதுகாப்புத் துறையில் சேர்ந்து, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக முழங்கால் ரப்பர் பூட்ஸோடு இந்தச் சதுப்பில் நடந்துகொண்டிருந்தாள். எந்தப் பள்ளத்தில் எந்தச் செடி எத்தனை நிற்கிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலை. ஊரில் அவளுக்குப் பெயரே செடிக்காரி. கல்யாணம் ஆகி, அது முறிந்து, தனியாக இருந்தாள். டேரல் கூரை வேலை செய்கிறவன். வேலை இல்லாத மாதங்களில் செடியைத் தோண்டி வெளியூர் வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தான். அவன் அப்பாவும் அதைத்தான் செய்தார். அப்போது அது குற்றமில்லை, இப்போது குற்றம், அவ்வளவுதான் வித்தியாசம் என்பான்.

செடிகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைத் தூவிவைப்பது கோரினின் வழக்கம். ஊதா விளக்கை அடித்தால் அது பச்சையாக ஒளிரும். டேரல் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண்களெல்லாம் விளக்கின் கீழ் மின்னின. ஆனால் போலீஸ் அவன் வீட்டுக்குப் போனதே கோரின் அவன் பெயரைத் தெரிவித்த பிறகுதான். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் அதை எழுதிக் காட்டினாள். அப்போது பக்கத்தில் நின்றது ட்ரீனா. அதுவரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் எழுத்தைப் படித்ததும் கையை உருவிக்கொண்டாள்.

"வாயே தொறக்க முடியல, ஆனா என் குடும்பத்த அறுக்க முடியுதா உனக்கு? ஒரு களைக்காகவா கோரி?"

டேரல் ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவன் வந்து கொஞ்ச நாளில் கோரினின் தபால்பெட்டிக்குள் தலை நசுங்கிய ஒரு தண்ணீர்ப்பாம்பு சுருண்டு கிடந்தது. வண்டியின் நான்கு டயரும் கிழிந்தன. அதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. டயரை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்புறம் ஒரு நாள், ஓடைக்கரைப் புல்வெளிக்குள் யாரோ பெரிய சக்கர வண்டியை விட்டு முன்னும் பின்னுமாக உழுதிருந்தார்கள். அங்கேதான் ஓர் அபூர்வ வகைச் செடி இருந்தது. இடுப்பளவு உயரம், மெலிந்த தண்டு, பார்த்தால் புல்லென்று தாண்டிப் போய்விடுவோம். ஆண் தனி, பெண் தனி. எங்கள் மாவட்டத்தில் வேறெங்கும் இல்லாத அந்தச் செடியைக் கண்டுபிடித்து, முள்வேலி போட்டு, கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து காப்பாற்றியவள் அவள்தான். பெண் செடி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதன் மேல் சக்கரம் நின்று சுழன்றிருந்தது.

தீயணைப்புக் குழுவின் தலைவர் ஓட்டிஸ் பெல்லமி அவளைத் தேடிக்கொண்டு வந்தபோது அவள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டிஸ் கனத்த ஆள், பேச்சில் மட்டும் லேசானவர்.

"செடிக்காரி, நீ அழுதா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"அழல. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு இருக்கு?"

"எண்றதுக்கு எதுவும் இல்ல."

செய்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நிரூபிக்க யாராலும் முடியவில்லை.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் பைன் காட்டுக்குத் தீ வைக்கும் வேலை வந்தது. இங்கே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டை எரித்தாக வேண்டும். இல்லையென்றால் புதர் ஏறி, நிழல் விழுந்து, தரையோடு கிடக்கும் செடிகள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். தீ மேலே ஓடிவிடும், கிழங்கு மண்ணுக்குள் பிழைத்துக்கொள்ளும். காலையில் வண்டிகளின் பின்பலகையில் சாய்ந்து எல்லோரும் காபி குடித்தார்கள். மஞ்சள் சட்டை, தலைக்கவசம், எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் கலன், நீண்ட பிடி போட்ட இரும்பு வாரி. ஓட்டிஸ் ஒரு பிடி பைன் ஊசியைப் பறக்கவிட்டுப் பார்த்தார்.

"காத்து இன்னிக்கு என் மச்சான் மாதிரி. காலைல ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு."

"உங்க மச்சான் எவ்வளவோ மேல். என் தங்கச்சி புருஷன வேணா மாத்திக்கிறீங்களா?" என்றாள் கோரின். தாடை சரியாகக் கூடாததால் அவள் சிரித்தால் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் போகும். எல்லோரும் சிரித்தார்கள்.

மத்தியானத்துக்குள் தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. காய்ந்த புல்லில் மளமளவென்று ஓடிற்று. பிசின் வெடிக்கும் சத்தம், ஆரஞ்சுச் சுவர், அதற்கு முன்னால் தலை தெறிக்க ஓடும் முயல்கள். கோரின் எரிந்து முடிந்த கரிய நிலத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். புதர்க்காட்டிலிருந்து ஒரு மான் பாய்ந்து போயிற்று. அதன் பின்னால் இருமல் கேட்டது. மனுஷ இருமல்.

வாக்கி டாக்கியை எடுத்துக் கத்தினாள். "ஓட்டிஸ், உள்ள ஆள் இருக்கான். நிறுத்துங்க."

"நிறுத்தறதா? கோரி, தலைத்தீ கெளம்பிடுச்சு, காத்தோட சேந்து ஓடுது. நீ உள்ள போகாத. கேக்குதா? போகாத."

அவள் போனாள். புகைக்குள் குனிந்து, சூடு சட்டையைத் தாண்டி முதுகில் அறைய, ஒரு வாய்க்கால் பள்ளம் வரைக்கும் போனாள். அங்கே டேரல் குந்தியிருந்தான். முதுகில் பை, கையில் மண்வெட்டி. ஒரு சட்டைக்கை பொசுங்கித் தோலோடு ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"கிட்ட வராதடி! நான் இருக்கறது தெரிஞ்சுதான கொளுத்துன?"

"எழுந்து வா. இன்னும் கொஞ்சத்துல இங்க மூச்சு விடக் காத்து இருக்காது."

அவன் மண்வெட்டியால் ஓங்கி அடித்தான். அது தலைக்கவசத்தில் பட்டு வழுக்கியது. மறுபடி ஓங்கியபோது அவள் வாரியின் பிடியைச் சுழற்றி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. மண்வெட்டி விழுந்தது. அவன் காலரைப் பிடித்து, முழங்கால் உயரத் தீயின் குறுக்கே, ஒரு மாட்டை இழுப்பதுபோல இழுத்தாள். அவன் அலறினான். இருவரும் கரிய நிலத்தில் உருண்டு விழுந்தார்கள். அங்கே எரிய இனி எதுவும் இல்லை. பிழைத்துவிட்டார்கள்.

டேரல் கையையும் முழங்காலையும் ஊன்றி மாட்டைப்போல நின்றான். பை கிழிந்து, வெள்ளைக் கிழங்குகள் சாம்பலில் சிதறிக் கிடந்தன. சிலதில் குட்டி இலைப்பொறிகள் இன்னும் வாயைத் திறந்திருந்தன. அவன் தலையைத் தூக்கினான்.

"தண்ணி," என்றான். "தண்ணி குடு, கோரி."

அவள் இடுப்பில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அவள் வாரியைத் தூக்கி அவன் தாடையில் அடித்தாள். இடது பக்கம். அவன் சாய்ந்தான். மறுபடி அடித்தாள். அவன் முகத்தை மூடிய கையின் மேலும் அடித்தாள். தான் ஏதோ கத்திக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. என்ன சொல் என்று தெரியவில்லை. ஓட்டிஸ் ஓடிவந்து அவளை அப்படியே தூக்கித் தரையில் போட்டு மேலே படுத்துக்கொண்டபோதும் அவள் கை வாரியை விடவில்லை. அவர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"போதும்," என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "போதும்மா. அவன் கெடக்கான் பாரு. போதும்."

ஆஸ்பத்திரியில் போலீஸ் டெபுடி கார்லா ஸ்பைவி வந்து விசாரித்தாள். கோரினோடு ஒரே பள்ளியில் படித்தவள்தான். கோரின் வாயைத் திறப்பதற்குள் ஓட்டிஸ் முந்திக்கொண்டார்.

"எரிஞ்ச கெளை முறிஞ்சு அவன் மூஞ்சில விழுந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"இல்ல," என்றாள் கோரின். "நான் அடிச்சேன்."

"மண்வெட்டியோட வந்தான்ல? தற்காப்புன்னு எழுதிக்கிறேன்."

"முதல் அடி அதுக்குத்தான். மத்ததெல்லாம் எனக்கு."

ஸ்பைவி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "கோரி, வெளிய போய் ஒரு பெப்சி குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள யோசிச்சு வை."

திரும்பி வந்தபோதும் கோரின் அதையேதான் சொன்னாள். ஓட்டிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநாள் அவர் அவளோடு பேசவில்லை. எதற்குக் கோபம் என்று கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது.

துறையில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடையாள அட்டையையும் காட்டுக் கதவுகளின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. டேரலின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். இடது கண்ணில் பார்வை திரும்புமா என்பது தெரியவில்லை. கோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடித்தபோது உடம்புக்குள் ஓடிய அந்தச் சுகத்தை அவளால் மறக்க முடியவில்லை. வருஷக்கணக்காகக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்த உடம்பு அது. அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு பிற்பகல் ட்ரீனாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"ஷெட்டுல ஒளிச்சு வச்சிருந்தான். நாறுது."

வண்டியின் பின்னால் ஈரத் துண்டுகளில் சுற்றிய பொட்டலங்கள். வீட்டில் குளிக்க வைத்திருக்கும் பூப்போட்ட துண்டுகள். கோரின் ஒன்றைப் பிரித்தாள். பாதி அழுகியிருந்தது. மீதியில் உயிர் இருந்தது.

"டெபுடிகிட்ட குடு," என்றாள்.

"குடுத்தா அவனுக்கு இன்னொரு கேஸ். குப்பைல கொட்டலாம்னுதான் கெளம்புனேன். எங்க நடணும்னு காட்டு."

"நான் அங்க காலே வைக்கக் கூடாது ட்ரீனா. சாவியப் புடுங்கிட்டாங்க."

"நானும்தான் வைக்கக் கூடாது. ஏறு."

சங்கிலிக் கதவுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுப் பொட்டலங்களைச் சுமந்து நடந்தார்கள். எரிந்த நிலத்தில் புதுப் புல் ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இரண்டு பேரும் முழங்காலிட்டு, விரலால் குழி போட்டு, கிழங்குகளை வைத்தார்கள். முழங்கை வரை கரி ஏறியது.

"கழுத்து வரைக்கும் மூடாத," என்றாள் கோரின். "செத்துடும்."

ட்ரீனா அதைப் பிடுங்கி மறுபடி வைத்தாள். "எத்தன அடி அடிச்ச?"

"எண்ணல."

"எல்லாத்தையும் எண்றவ நீ."

கோரின் விரலால் அடுத்த குழியைத் தோண்டினாள்.

"தண்ணி கேட்டேன்னு எழுதிக் காட்டுனான். நெசமா?"

"நெசம்."

ட்ரீனா அடுத்த கிழங்கை எடுத்தாள். இந்தத் தடவை சரியான ஆழத்தில் வைத்தாள். "ஸ்ட்ரா போட்டுத்தான் சூப் குடுக்குறேன். பாதி வழிஞ்சிடுது." மண்ணை அமுக்கிவிட்டு, "உனக்கு அப்ப யாரு குடுத்தா?" என்றாள்.

"நானேதான் குடிச்சேன்."

எல்லாம் நட்டு முடிந்ததும் ட்ரீனா எழுந்து, காலித் துண்டுகளை அள்ளிக்கொண்டு வேகமாக நடந்தாள். கோரின் கதவை எட்டும்போது வண்டி கிளம்பிவிட்டது. பின்பலகையை யாரும் மூடவில்லை. மண் சாலையின் குலுக்கலில் துண்டுகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. நீலம், மஞ்சள், ரோஜாப் பூப் போட்ட ஒன்று. கோரின் முதல் துண்டைக் குனிந்து எடுத்தாள். கரித் தண்ணீர் சொட்டியது. தூரத்தில், வளைவுக்கு முன்னால், வண்டியின் பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. வண்டி பின்னால் வரவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, புழுதி அதன் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.