கூடுதலாக ஓர் அறை

...வீட்டுச் செருப்பை எடுத்தாயிற்று, மூக்குக்கண்ணாடியை எடுத்தாயிற்று, சுடுதண்ணீர்ப் பை கட்டிலுக்கடியில் கிடந்தது, அதையும் எடுத்தாயிற்று, இனி என்ன பாக்கி, பின்னறை ஜன்னல் விளிம்பில் ரேடியோ, அது இருந்துவிட்டுப் போகட்டுமா, இல்லை, வேண்டாம், ரேடியோ இருந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு என்றாகிவிடும், நோரீன் அதையும் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இன்றைக்கு நகரசபைக் கவுன்சிலிலிருந்து ஆள் வருகிறது. கவுன்சில் ஆள் வருகிறது என்றால் வாசற்படியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், திரைச்சீலையை இறக்கித் துவைக்க வேண்டும், இழுப்பறைக்குள் கரண்டிகூட நேராகப் படுத்திருக்க வேண்டும், லார்ச் தெருவில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வீடு கவுன்சிலுடையதாக இருக்கலாம், மானம் நம்முடையது. அம்மா இருந்த காலத்தில் குழாய் ரிப்பேருக்கு வருகிறவனுக்குக்கூட நல்ல கோப்பையில்தான் தேநீர். இவன் குழாய் பார்க்க வரவில்லை, அறை பார்க்க வருகிறான், அதற்கென்ன, பார்க்கட்டுமே, பளிங்கு மாதிரி வைத்திருக்கிறேன், மூலைக்கு மூலை முகர்ந்து பார்க்கட்டும்.

கீழேயிருந்து புருஷன் டெரிக்கின் குரல் வந்தது. “என்ன நோர், ராணியம்மாவா வரப்போறா? செவப்புக் கம்பளம் விரிக்கலியா?” சொல்லி முடிக்கும் முன்னே இருமல் பிடித்துக்கொண்டது, வார்ப்பட ஆலையின் தூசியெல்லாம் ஒன்றுசேர்ந்து வெளியே வரப் பார்க்கிற இருமல், வராது, அது ஒருநாளும் வராது. “வாய மூடிட்டு மூச்ச விடுற வேலைய மட்டும் பாரு” என்று கத்தினாள், கத்தியபிறகு சிரிப்பு வந்தது, மனிதனுக்கு நுரையீரல் போனாலும் நக்கல் போகவில்லை. மாடி முன்னறைக்குப் போய், டெரிக் படுக்கிற பெரிய கட்டிலின் இடப்பக்கத்தில் தன் தலையணையை வைத்தாள். அந்தப் பக்கம் யாரும் படுத்து வருஷக்கணக்காகிறது, விரிப்பு புதிதுபோல இருந்தது. தலையணையின் நடுவில் கையை வைத்து ஒரு குழி அழுத்தினாள். அட, இதுவும் ஒரு பிழைப்பா... கட்டிலருகே டெரிக்கின் பிராணவாயு இயந்திரம், சக்கரத்தில் உருட்டி அலமாரிக்குள் தள்ளி, குழாயைச் சுருட்டி அதன்மேல் அவன் கோட்டைப் போட்டு மூடினாள். பகலில் கீழே சின்ன சிலிண்டர் போதும். ராத்திரிக்குத்தான் இது, ராத்திரி முழுக்க உறுமும், இழுக்கும், விடும், நடுநடுவே ஒரு கணம் நின்றுபோகும், நின்றது இயந்திரமா ஆளா என்று இருட்டில்...

அதை இப்போது எதற்கு நினைக்கவேண்டும்? போன மாதம் சமூகக்கூடத்தில் கூட்டம் போட்டபோதே எல்லாம் விளக்கிவிட்டார்கள், ஏப்ரல் வந்தால் சட்டம் மாறுகிறது, இருக்கிற ஆளுக்கு மேல் படுக்கையறை வைத்திருந்தால் வாடகைக்குக் கிடைக்கும் உதவியில் வெட்டு விழும், புருஷன் பெண்டாட்டிக்கு ஓர் அறைதான் கணக்கு, மற்றது உபரி. சட்டம் போட்டவர்கள் லண்டனில், திட்டு வாங்க வந்தவர்கள் கவுன்சில் பிள்ளைகள், பாவம், தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துத் திட்டு வாங்கினார்கள். வெட்டை ஏற்றுக்கொள்ளலாம், சின்ன வீட்டுக்கு மாறலாம், இல்லையென்றால் அந்த அறையில் வாடகைக்கு ஆள் வைக்கலாம் என்று கவுன்சில் பெண் ஒருத்தி சொன்னதும் அதே தெருப் பாலீன் எழுந்து, “எனக்கு ஆள் வெக்கறதுல ஆட்சேபணையே இல்ல கண்ணு, நல்லா சமைக்கிறவனா, குறட்டை விடாதவனா ஒருத்தன நீங்களே பாத்து அனுப்புங்க” என்றாள், கூடமே சிரித்தது, நோரீனும் சிரித்தாள். சின்ன வீடு எங்கே இருக்கிறது, இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை, ஊருக்கு அந்தக் கோடியில் அடுக்குமாடியில்தான், அங்கே லிஃப்ட் ஓடுகிற நாள் திருவிழா, டெரிக்கால் இந்த வீட்டு மாடிப்படியையே ஒருமுறைக்கு மேல் ஏற முடியாது. வெட்டை ஏற்றுக்கொண்டாலோ, மிஞ்சுகிற காசு கரண்டுக்கா, குளிர்காயக் கரிக்கா, அந்த இயந்திரம் வேறு கரண்டைக் குடிக்கிறது. கடைசியில் அந்தப் பெண், வீட்டில் நோயாளி இருப்பதால் தனித்தனியாகப் படுப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். நோரீனின் கை மடியிலேயே இருந்தது. எல்லார் முன்னாலும் எப்படித் தூக்குவது? பக்கத்தில் பாலீன். பாலீனின் புருஷன் முதலில் பின்னறைக்குப் போனான், பிறகு சோபாவுக்கு, பிறகு அடுத்த ஊரில் வேறொருத்தி வீட்டுக்கு, தெரு முழுக்க அதைப் பின்னறை நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான்.

இன்றைக்குக் கவுன்சிலிலிருந்து வந்தவன் பெயர் ஃபென்டன். முப்பது வயசிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, வாசலில் கம்பளத்தைப் பார்த்ததும் தானாகவே ஷூவைக் கழற்றினான், காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது, அவளுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது, அதுதான் தப்பாகிப்போனதோ? டெரிக் நாற்காலியிலிருந்து, “மேல போய்ப் பாருப்பா, காலைலேர்ந்து அரண்மனைய ஜோடிச்சு வெச்சிருக்கா” என்றான். முன்னறையை எட்டிப் பார்த்தான் ஃபென்டன். இரண்டு தலையணை. தலையை ஆட்டிக்கொண்டு பின்னறைக்கு வந்தான். மெழுகு வாசனை, இறுக்கி விரித்த படுக்கை, ஜன்னல் விளிம்பில் தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. பெருமையாக இருந்தது, கடவுளே, அந்தக் கணத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

“இங்க யாராச்சும் படுக்கறீங்களா, மிசஸ் ஹாப்வுட்?”

“யாரு படுப்பா கண்ணு? தங்கச்சி வந்தா படுப்பா. கிறிஸ்மசுக்கு.”

அவன் கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினான், பிறகு தட்டுவதை நிறுத்தினான். “ஒண்ணுமில்ல, கீழ சார் இருமறத கேட்டேன். இந்த மாதிரி ஒடம்பு முடியாம ராத்திரி தனித்தனியா படுக்கறவங்களுக்குன்னு கவுன்சில்ல கொஞ்சம் நிதி ஒதுக்கி இருக்கோம். வெட்டற பணத்த அதுலேர்ந்து ஈடுகட்டலாம். அதுக்கு நீங்க சொல்லணும், நான் எழுதணும். அதான் இன்னொரு வாட்டி கேக்கறேன்.”

இன்னொரு வாட்டி கேட்கிறான். சட்டி நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடு சாப்பிடு என்கிறான். சொல்லிவிடு, வாயைத் திற, நான்தான் படுக்கிறேன், ரேடியோவை அங்கே துண்டு அடுக்குகிற அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன், வா காட்டுகிறேன் என்று சொல், சொன்னால் இவ்வளவு நேரம் பொய் சொன்னவள் ஆவாய், ஆனால் என்ன, பொய் சொன்னவளுக்கு வீடாவது மிஞ்சும்... கீழே இருமல் நின்றிருந்தது. இவ்வளவு நேரம் இருமியவன் இப்போது ஏன் இருமவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? “நாங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே கட்டில்தான்” என்றது ஒரு குரல், அவளுடைய குரல்தான், அம்மா பேசுவதுபோல நிமிர்ந்து பேசியது. ஃபென்டன் கொஞ்ச நேரம் விரிப்பையே பார்த்தான். “ரொம்ப அழகா வெச்சிருக்கீங்க” என்றான். கீழே தேநீரைக் குடித்துவிட்டு, பெயர் போட்ட அட்டையை மேஜையில் வைத்து, “ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்ணுங்க” என்று சொல்லிப் போனான்.

கோப்பைகளைக் கழுவினாள். போன் பண்ணினால் ஆயிற்று. என்ன சொல்வது, இயந்திரம் சத்தம் போடுகிறது, அவருக்கு இடம் வேண்டும், உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்... இதெல்லாம் உண்மைதானே, ஏன் சொல்ல வரமாட்டேன் என்கிறது? நோயைச் சொல்ல வெட்கமா, நோயில் என்ன வெட்கம், தெருவில் பாதிப் பேருக்கு அதே ஆலை, அதே இருமல். மாடியேறிப் பின்னறை வாசலில் நின்றாள். ஃபென்டன் பார்த்ததைத்தான் பார்த்தாள், காலி அறை. ஒருத்தி இங்கே படுத்தாள், எழுந்தாள், அழுதாள் என்பதற்கு ஒரு தடயமில்லை, அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறாள் தன்னையே. முதன்முதலாக இங்கே வந்து படுத்த இரவு ஞாபகம் வந்தது. டெரிக்கின் சௌகரியத்துக்காக என்றுதான் எல்லாரிடமும்... யாரிடமும் சொல்லவில்லையே, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அன்றைக்கு அவள் கதவைச் சாத்தினாள், சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சு நின்றதா ஓடுகிறதா என்று தெரியவில்லை, தெரியாதது எவ்வளவு நிம்மதியாக இருந்தது, விடியும்வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் தோன்றிய முதல் நினைப்பு, அவன் இருக்கிறானா என்பதல்ல. இன்றைக்கு ராத்திரியும் இங்கேயே படுக்கலாம் என்பது.

இந்த அறை வேண்டியிருந்தது அவனுக்கா?

முன்னறைக்குப் போய்த் தலையணையை எடுத்தாள், அவள் அழுத்திய குழி அப்படியே இருந்தது. அலமாரிக்குள்ளிருந்து இயந்திரத்தை உருட்டி எடுக்க வேண்டும், இருட்டுவதற்குள் மாட்ட வேண்டும். மாறிப்போக வேண்டிவரும் ஓரறை வீட்டில் நடுவே சுவர் கிடையாது. இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் அவள் படுப்பாள், ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டு, நிற்கிறதா என்று காத்துக்கொண்டு... நிற்காதா என்றும்?

“நோர்...” கீழேயிருந்து டெரிக். மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெல்லப் பேசினான், நக்கல் இல்லாத குரல், அது அவளுக்குப் பழக்கமில்லாத குரல். “அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டல்ல? நீ அங்கதான் படுக்கறன்னு?”

தலையணையை மார்போடு அணைத்தபடி இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றாள்.

“சொல்லிட்டேன்” என்றாள் நோரீன்.