சின்னப் புல்லி

ஜுனைத் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். தையல் மிஷின் போல்ட் அசையவில்லை. கோவளத்து உப்புக்காற்று அதைத் தின்று மேசையோடு ஒட்டவைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கொல்லையில் துணி மறைப்புக்குள், அவன் அண்ணன் அப்துல் மாலிக்கின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே இவன் சுத்தியலால் ஸ்பேனரை அடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா பண்ற ஜுனைத்து?"

வாசற்படியில் ருக்சானா நின்றாள், செத்தவனின் மனைவி.

"பாத்தா தெர்ல? வெளிய வண்டி நிக்குது. அண்ணன் மிஷின நம்ம கடைக்கு எட்த்துகினு போறேன்."

"அவுரு இன்னும் வூட்லதான் கீறாரு."

"நீ இத்தால உக்காரப் போறவ அண்ணி. உனுக்கு இன்னாத்துக்கு மிஷினு? தஸ்பி மணிய உருட்டு, போதும்."

அவள் உள்ளே வந்து போல்டின் மேல் கையை வைத்தாள்.

"கழட்டு. என் கையோட சேத்துக் கழட்டு."

அவன் யோசிக்கக்கூட இல்லை. ஓங்கித் திருகினான். இரும்பு வழுக்கி அவள் ஆள்காட்டி விரலை மேசையோடு நசுக்கியது. அவள் கத்தவில்லை. அந்த விரலுக்கு அடி புதிதில்லை.

மாலிக் மறைமலைநகரில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தான். அங்கே கழித்துப்போட்ட பவர் மிஷின் இது. கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகளின் சோபாக்களுக்கு உறை தைக்கலாம் என்று வாங்கிவந்து வீட்டில் போட்டான். பெடலில் கால் பட்டதும் பாயும். நேராக ஓடும் தையலுக்கு அந்தப் பாய்ச்சல் சரி. சோபா மெத்தையின் மூலைக்கும் வளைவுக்கும் ஆகுமா? தடித்த ரெக்சினைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். மாலிக் ஷிஃப்டுக்குப் போனால் தைப்பவள் ருக்சானாதான். ஒருநாள் ஊசி அவள் நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிட்டதென்று மாலிக் அவள் தலையைப் பிடித்து மிஷினிலேயே மோதினான்.

அதற்கப்புறம்தான் அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம், அந்தப் புல்லி, பெரிது. வேகம் அங்கேயிருந்துதான் வருகிறது. சின்னப் புல்லி ஒன்றை மாட்டி, தொளதொளத்த பெல்ட் இறுகும்படி மோட்டாரைக் கொஞ்சம் கீழே இறக்கி முடுக்கினாள். மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. மூலைக்கு வந்தால் நின்றது, திரும்பியது.

மாலிக் பெடலை மிதித்துப் பார்த்தான். "ஆம ஓட்றதுக்கா வாங்கியாந்தேன்?" புல்லியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தான். அவள் இன்னொன்று போட்டாள். அதையும் எறிந்தான். மூன்றாவதை இன்று காலையில் பார்த்தான். மிஷின் பெல்ட்டை உருவி மடித்து விளாசினான். முதல் அடி முதுகில், அடுத்தது கழுத்தில். மறுபடியும் கையை ஓங்கியவன், எதையோ மறந்துவிட்டவன் மாதிரி அப்படியே நின்றான். பிறகு மிஷின் காலடியில் மடங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சடைப்பு என்றார்கள். வேறெதையும் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இத்தா என்றால் புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. வீட்டுக்குள் வேலை இருந்தால்தான் அவளுக்கும் மகள் ஜன்னாவுக்கும் சோறு. மிஷின் போனால் ஜுனைத் வீட்டுப் பின்கட்டில்தான் போய் விழவேண்டும். அவன் கையும் அண்ணன் கைதான் என்று அவள் நசுங்கிய விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"கையை எடுடீ!" ஜுனைத் அவளை நெட்டித் தள்ளினான். அவள் மிஷின் காலில் மோதி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் ஜெய்புன்னிசா வந்தாள். மாலிக் இந்த வீட்டில் கையை ஓங்கும்போதெல்லாம் அடுப்படியில் ஏனங்களைச் சத்தமாகக் கழுவியவள் அவள்.

"கருகமணியக் கழட்டணும். உள் ரூமுக்கு வா."

"இங்கயே உக்கார்றேன் மாமி."

"இது வர்றவன் போறவன் நிக்கிற ரூமுடி."

"என் இத்தா இங்கதான்."

ஜெய்புன்னிசா முறைத்தாள். பிறகு முழங்காலிட்டு, மருமகளின் முக்காட்டை விலக்கி, பிடரியில் முடிச்சைத் தேடினாள். தேடிய விரல்கள் நின்றன. பெல்ட்டின் அகலத்துக்கு ஒரு தடிப்பு, காது ஓரத்திலிருந்து தொண்டை வரைக்கும். கல்யாணத்தில் கட்டிய கறுப்பு மணிகள் அதற்குள் அழுந்திக் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. எடுத்தாள்.

"யம்மா, அண்ணிய உள்ள இட்டுகினு போ. ஒரு போல்ட்டுதான் பாக்கி."

ஜெய்புன்னிசா எழுந்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி முழங்கையிலேயே ஓங்கி ஒன்று போட்டாள். எலும்பில் இரும்பு பட்ட சத்தத்தில் கொல்லையில் தண்ணீர் ஊற்றுவதுகூட நின்றது.

"இத்தா ரூமுல ஆம்பளைக்கு இன்னாடா வேல?"

"நான் கொழுந்தன்மா!"

"கொழுந்தனும் அந்நிய ஆம்பளதான்டா. போய்ப் பள்ளிவாசல் அஜரத்தாண்ட கேளு."

"அப்ப மிஷினு?"

"ரூமுல இருக்கறது ரூமுலதான் இருக்கும். ஒருத்தன மையத்தா அனுப்பிகினு கீறேன். இன்னிக்கே ரெண்டாவத அனுப்ப வெக்காத. போடா வெளிய!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதவை உதைத்துவிட்டுப் போனான். காலி வண்டி தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. ஜெய்புன்னிசா மிச்சம் கிடந்த சோபாத் துணியை வாசலுக்குக் குறுக்கே கட்டினாள். பிறகு மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனாள். அங்கேதான் உடைந்து அழுதாள்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு ஆட்கள் வந்து கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ருக்சானா மேசைக்கு அடியில் கையை விட்டாள். பெல்ட் அன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். விரல் கட்டோடு மெல்லச் சின்னப் புல்லியில் மாட்டினாள். ரெக்சினை விரித்துப் பெடலில் காலை வைத்தாள்.

ஊசி இறங்கியது, ஏறியது. மறுபடி இறங்குவதற்குள் ஒரு மூச்சு விடலாம் போலிருந்தது.

திரை விலகியது. அவள் காலை எடுத்துவிட்டாள். ஜெய்புன்னிசா வந்து மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். தொங்கி இழுத்துக்கொண்டிருந்த ரெக்சின் முனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ருக்சானா மிதித்தாள். மூலை வந்தது. ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி அவள் ரெக்சினைத் திருப்பினாள். அந்த முனையில் ஜெய்புன்னிசாவும் கூடவே திருப்பினாள்.