உறுமல் இறங்கியபோது

லவினா பெங்களூரில் சினிமாவுக்கு ஒலி அமைப்பவள். ஒரு பேய்ப் படத்துக்கு, சாகக் கிடக்கும் மைக் செட்டின் சத்தம் தேவைப்பட்டது. அவள் கம்ப்யூட்டரில் செய்துகொடுத்த எதையும் டைரக்டர் நம்பவில்லை. அதனால் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் லாய்ட், பக்கத்திலுள்ள ராபர்ட்சன்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறான். பழுதான ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் அவன் வீட்டில் கிடந்தது.

சுவிட்சைப் போட்டதும் லாய்ட் டெஸ்டரை அதன் இரும்புப் பெட்டியில் வைத்தான். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

“பெட்டில கரண்ட் வருது. கிட்ட வராத, லவினா. இத்தோட வுட்டுடலாமா?”

“கொஞ்ச நேரம்ண்ணா. இப்பதான் சூடாவுது.”

மைக்கை அருகில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவோரம் பிளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் வெறும் உறுமல். பிறகு எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு வெடிப்பு. லாய்ட் ஒரு மரக்குச்சியால் பெட்டியைத் தட்டினான். தட்டத் தட்ட உறுமல் உடைந்து இழுத்தது. கருகல் வாடை வந்தது. நிறுத்திவிடலாம் என்று அவன் கையைக் காட்டினான்.

“இன்னும் ஒரு தட்டு,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தத் தட்டில் பெட்டி மேஜை விளிம்புக்கு நகர்ந்து சரிந்தது. விழுந்துவிடுமே என்று லாய்ட் யோசிக்காமல் பிடித்துவிட்டான். அவனுடைய இன்னொரு கை ஜன்னல் கம்பியில் இருந்தது.

லவினாவின் காதில் உறுமல் திடீரென்று தாழ்ந்து, தொண்டை அடைத்தாற்போல நடுங்கியது. இதற்காகத்தான் வந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

லாய்டின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. உடம்பு விறைத்து நின்றது.

வயரைப் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்தாள். பிளக் கழன்று வந்தது. அவன் பெட்டியோடு தரையில் விழுந்தான்.

பக்கத்து வீட்டு அனில் ஆட்டோவை எடுத்தான். ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்துப் பார்த்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். உள்ளங்கை மட்டும் வெந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மனைவி ஐடா லவினாவைப் பார்க்காமலே கேட்டாள்.

“காதுல அத்த மாட்டிக்கினுதான இருந்த? அவருக்கு இன்னா ஆவுதுன்னு கேக்கலயா?”

“கேட்டுது அண்ணி. நல்லாருக்குதுன்னு நெனச்சேன்.”

லவினா ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்தாள். அன்று பதிவானதை முழுவதும் அழித்தாள்.

லாய்ட் கண்ணைத் திறந்தான். “டேப் நல்லா வந்துச்சா?”

“அழிச்சிட்டேண்ணா.”

“எல்லாமேவா? டைரக்டருக்கு இன்னா சொல்லுவ?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுவேன்.”

“பைத்தியம்,” என்றான் லாய்ட். தண்ணீர் கேட்டான். ஐடா டம்ளரை லவினாவின் கையில் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனாள்.