மேய்ப்பர் இருந்த இடத்தில்

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு பாட்டின் முதல் அடியைத் தொடங்கியபோது, கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த ஏலக்காரர் வாயைத் திறந்தார். அவருடைய மனைவி அப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை விளங்காமல் போனதிலிருந்து அது அவள் வேலை. கழுத்துப் பொத்தானில் அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என் மேய்ப்பரே, அருகில் வாரும். தனியே நான் நடக்க மாட்டேன்."

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, ஒன்றிரண்டு எழுத்து வழுக்கியது, அவ்வளவுதான். மற்றபடி வார்த்தை வார்த்தையாக, ராகம் பிசகாமல், தங்கையோடு சேர்ந்து பாட்டை முடித்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நாத்தனார் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தரையில் விழுந்து அழுதாள். மனைவியும் அழுதாள். இரண்டும் ஒரே அழுகை என்று நாத்தனார் நினைத்துக்கொண்டாள், பாவம்.

ஏலக்காரர் காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைச் சுமைக்காரர் வரைக்கும் கேட்கும் குரல். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி, மூன்றாவது தரத்துக்கு வந்ததும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டையே ஒரு சுற்றுப் பார்ப்பார். அந்தக் கை இறங்குவதற்குள் கேட்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும், இறங்கிவிட்டால் சரக்கு போனது போனதுதான். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. சாப்பிடும்போது பேச்சு, குளிக்கும்போது பேச்சு, தூக்கத்தில்கூட யாரோடோ விலை பேசுவார். 'கொஞ்சம் வாயை மூடுங்களேன்' என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பக்கவாதம் வந்து வாய் மூடிக்கொண்ட பிறகு அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அவருக்கு இருந்தது 'ப' என்ற ஓர் எழுத்துதான். டம்ளரைப் பார்த்தும் 'ப', ஜன்னலைப் பார்த்தும் 'ப', அவளைப் பார்த்தும் 'ப'. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, கடைசியில் டம்ளருக்குச் சமமாக ஆகிப்போனாள்.

சரி, யாரையும் கூப்பிட முடியவில்லை, தன்னையும் கூப்பிட முடியவில்லை என்று அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அதில்தான் இந்தப் பாட்டு வந்து விழுந்தது. ஆண்டவரைக் கூப்பிட மட்டும் வாய் இருக்கிறதாமே! அதுவும் யாருக்கு? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கினால் நைசாக நழுவி வெளியே போய், நிறுத்திவைத்த வண்டிகளுக்குக் காவல் நிற்கிறவருக்கு. அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு, சின்ன வயதில் அவருடைய அம்மா அண்ணனையும் தங்கையையும் தூங்கவைக்கப் பாடிய அதுதான். அவளோ இரண்டாவது பெஞ்சுக்காரி. பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். வேதாகமத்தை ஆதியிலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்ப வாசித்தவள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் முழங்கால் போட்டு, 'அருகில் வாரும் ஆண்டவரே' என்று எவ்வளவு கெஞ்சியிருப்பாள். போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது, அப்படித்தான் இருந்தது. கூட்டத்தில் ஜெபம் பண்ணும்போது வரிசையாக வந்து விழும் வார்த்தைகள் அப்போது காய்ந்துபோயின. இத்தனை வருடம் வாசலிலேயே காத்து நின்றவளை விட்டுவிட்டு, வண்டிக்குக் காவல் நின்றவரிடம் போயிருக்கிறார் ஆண்டவர். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து நாத்தனார் தினமும் சாயங்காலம் வந்தாள். சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவள், குரலுக்குக் கேட்கவா வேண்டும். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பாடுவாள், அவரும் பாடுவார், முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிடும். மனைவி பக்கத்து அறையில் தையல் மெஷினை வேண்டுமென்றே வேகமாக மிதிப்பாள். போகும்போது நாத்தனார், "உங்க ஜெபமும் இதுல இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவாள். பெரிய துணியில் வெட்டியது போக மிஞ்சின துண்டைக் கையில் கொடுப்பது போல இருக்கும் அது. எரியும் அவளுக்கு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற தெரபிஸ்ட் பெண்ணிடம் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள்.

"பேசவே வராதவருக்குப் பாட்டு மட்டும் எப்படிம்மா வருது? நாத்தனார் அற்புதம்ங்கறாங்க."

"அற்புதம்னு நினைச்சா நினைச்சுக்குங்க, நான் ஏன் வேணாம்னு சொல்லணும்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். "மூளையில பேச்சுக்கான பக்கம் அடிபட்டிருக்கு. பாட்டு இன்னொரு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அதனால தப்பிச்சிருச்சு. நெறைய பேருக்கு இப்படி நடக்கும். சினிமாப் பாட்டு நல்லாத் தெரிஞ்சிருந்தா அதையும் பாடியிருப்பார்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கடவுள் வேலை இல்லை, மூளை வேலை என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட பெண்கள் ஐக்கியச் செயலாளர் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். உடனே வெட்கமாகவும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு காப்பி போடப் போனாள். அந்தப் பெண் பின்னாலேயே வந்து மீதியையும் சொன்னாள். அதே மெட்டில் வீட்டு வார்த்தைகளைப் போட்டுப் பாடவைக்க வேண்டும், இடது கையால் தொடையில் தாளம் தட்டச் சொல்ல வேண்டும், பழகப் பழக மெட்டு உதிர்ந்து வார்த்தை மட்டும் நிற்கும்.

மறுநாளே ஆரம்பித்தாள். 'என் மேய்ப்பரே' வருகிற இடத்தில் 'தண்ணி கொடு'. முதலில் தடுமாறினார், பிறகு பிடித்துக்கொண்டார். 'கால் வலிக்குது' வந்தது. 'ஃபேனைப் போடு' வந்தது. தெரபிஸ்ட் பெண் கை தட்டினாள். ஆனால் அவளுக்கு வேண்டியது தண்ணீரும் ஃபேனுமா?

கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார். கட்டெறும்பு. ஆள் சின்னதாக, கறுப்பாக, சத்தமே இல்லாமல் இருப்பாள், ஆனால் கடித்தால் விடமாட்டாள் என்பதற்காக வைத்த பேர். பெற்ற பிள்ளைகள்கூட அதைக் கேட்டதில்லை. கதவு சாத்தின பிறகு மட்டும் கூப்பிடுகிற பேர். அந்த மார்க்கெட் குரல் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இறங்கும். அதை இனிமேல் கேட்கப் போவதே இல்லை என்பதுதான் அவளுடைய தீராத துக்கம். கை விளங்காவிட்டால் போகட்டும், பொத்தானை அவள் போட்டுக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் கூலிக்குத் தைக்க வந்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றில் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள். அவளுக்கு இந்த மாதிரி தப்பு வருகிற வழக்கமில்லை. பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து அவர் தனியாகப் பாடுவது கேட்டது. என் மேய்ப்பரே. யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் பக்கத்தில் இல்லாமல். அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"என்ன நியாயம் இது?" என்றாள் கூரையைப் பார்த்து. வாய்விட்டேதான் சொன்னாள். "உங்களுக்குப் பாட ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு இவர் ஒருத்தர்தானே? உங்க பேர் அந்த வாயில இல்லாட்டி உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போவுது? நான் கூப்பிட்டா வரமாட்டீங்க, அவரையாவது என்னைக் கூப்பிட விடக்கூடாதா? பொறாமைதான். ஆமா, பொறாமையேதான். வெச்சுக்குங்க."

பிளேடைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்துத் தொடையில் தட்டவைத்தாள். அதே மெட்டு. தையலைப் பிரித்து வேறு துணி வைக்கிற மாதிரி, மேய்ப்பர் இருந்த இடத்தில் அந்தப் பேரை வைத்தாள். அவர் அவள் வாயையே பார்த்தார். நாக்கு பழைய வார்த்தைக்கே ஓடியது. திரும்பப் பாடினாள். மறுநாளும் பாடினாள். அந்த வாரம் முழுக்க, நாத்தனார் வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். ஒருநாள் அவர் கண் சுருங்கியது, கோணல் வாயின் நல்ல பக்கம் மேலே ஏறியது.

"கட்டெறும்பே, அருகில் வாரும். தனியே நான் நடக்க மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் 'வாரும்' என்று மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவளுக்குப் புரைக்கேறியது. அவர் விடவில்லை, திரும்பத் திரும்பப் பாடினார். தொலைந்துபோன சாவி கிடைத்த மாதிரி அந்த வார்த்தையை விட மனசில்லாமல் பாடினார். அவள் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் அதற்கடுத்த இரண்டு மூன்று நாள் பாடகர் பயிற்சியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. சனிக்கிழமை வந்தபோது கையில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை இருந்தது. பாட உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"நாளைக்கு சர்ச்சுல எல்லார் முன்னாலயும் அண்ணனைச் சாட்சிக்கு நிறுத்தப்போறேன் அண்ணி. பாஸ்டர் கிட்ட பேசிட்டேன். முதல்ல அண்ணன் தனியா ஒரு அடி பாடட்டும், அப்புறம் சபை சேர்ந்துக்கும்."

மனைவி சட்டையை வாங்கவில்லை. "நாளைக்கே வேணுமா? இன்னும் கொஞ்சம் தேறட்டுமே."

"ஆண்டவருக்குச் சேர வேண்டியதை நாம எதுக்கு ஒளிச்சு வைக்கணும் அண்ணி?"

நாத்தனார் போனதும் மனைவி கட்டிலுக்கு ஓடினாள். "என்னங்க, பழையபடி பாடுங்க. என் மேய்ப்பரே." அவர் சந்தோஷமாகத் தாளம் தட்டி, "கட்டெறும்பே" என்று ஆரம்பித்தார். "இல்லைங்க. மேய்... மேய்ப்..." என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் குழம்பியது. "மே... ப... ப..." அந்தப் பழைய 'ப' எட்டிப் பார்த்தது. வற்புறுத்தினால் இருப்பதும் போய்விடுமோ என்று விட்டுவிட்டாள். நாத்தனாரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாள். என்னவென்று சொல்வது? உங்க ஆண்டவர் பேரை எடுத்துட்டு என் பேரை வெச்சுட்டேன்னா? போனைத் திரும்ப வைத்துவிட்டாள். சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. எல்லாரும் கேட்கட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு கட்டெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு நாத்தனார் சாட்சி சொன்னாள். பேச்சு போனது, மருத்துவர்கள் கையை விரித்தது, ஒரு சாயங்காலம் கர்த்தர் அண்ணன் வாயைத் திறந்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனைவி இரண்டாவது பெஞ்சில் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கீபோர்டு மெட்டைத் தொடங்கியது. நாத்தனார் மைக்கை அண்ணன் வாயருகே பிடித்தாள்.

"கட்டெறும்பே, அருகில் வாரும்."

கீபோர்டு நின்றது. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் மாட்டினார். நாத்தனார் குனிந்து, "மேய்ப்பரே, அண்ணே. மேய்ப்பரே" என்றாள். மைக் அதையும் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தது. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவர் கண் பெண்கள் பக்கத்தில் பெஞ்சு பெஞ்சாகத் தேடிக்கொண்டிருந்தது.

"கட்டெறும்பே, அருகில் வாரும்." இந்த முறை மார்க்கெட் குரல், மைக்கே தேவைப்படவில்லை. "தனியே நான் நடக்க மாட்டேன்."

"யாரை அண்ணே கூப்பிடறே?" என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. மனைவிக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பக்கத்து அறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த இத்தனை நாளும் அவளே வைத்திருந்த முகம் அது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்ற வேண்டிய நேரம். ஆனால் காலைத் தரையோடு சேர்த்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தர் இப்படி ஊரறிய, வெட்கம் பார்க்காமல், பேர் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து போவது இவ்வளவு கஷ்டமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே வார்த்தையைத்தானே அவள் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு கிடந்தாள்.

'ஆண்டவரே, உங்க இடத்துல இருந்து கூப்பிடறார். போகட்டுமா?' என்று மனசுக்குள் கேட்டாள், தையல் மெஷின் முன்னால் சண்டை போட்ட அதே குரலில். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த முறை எதிர்ப்பக்கம் யாரோ போனை எடுத்துவிட்டுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

முன்னால் ஏலக்காரர் மூன்றாவது தரம் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு நல்ல கையை, இடது கையை, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு சர்ச் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவள் எழுந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். கை மேலேயே நின்றது, இறங்கவில்லை.